கை எட்டாத இடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வீட்டைத் துப்புரவு செய்வது பற்றி ஆண்டு மலருக்கு எழுதப்போகிறேன் என்றதும், “வேறு பொருளே அகப்படவில்லையா?” என்று வகுப்புத் தோழர்கள் நகைத்தனர். அணுவைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் எழுத வேண்டிய அறிவியல் மாணவன் விளக்குமாற்றைப் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்பதே என் கருத்து. அறிவியலின் முதல் பாடமே, செய்யும் வேலைக்கு ஏற்ற கருவியைத் தேடுவதுதானே!

நடுக்கூடத்தைப் பெருக்க எவருக்கும் தெரியும். அழுக்கு தஞ்சம் புகுவதோ கை எட்டாத இடங்களில். அவ்விடங்களுக்கென்று நம் மக்கள் நல்ல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். உத்தரத்து ஒட்டடைக்கு மூங்கில் கழியின் நுனியில் துடைப்பத்தைக் கட்டினார்கள். கை நுழையாத புட்டியில் ஒரு பிடி அரிசியும் சிறிது நீரும் இட்டுக் குலுக்கினால் அடியில் படிந்தது கழன்று வரும். மின்விசிறியின் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி கண்ணில் விழாமல் உறைக்குள்ளேயே தங்கும். நம் ஆய்வகத்திலும் சோதனைக் குழாய்க்கு ஒரு தூரிகை, ப்யூரெட்டுக்கு அதைவிட நீண்ட தூரிகை இருக்கின்றன. விரலை விட்டுத் துடை என்று எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒட்டடைக்கு நீண்ட கழி தந்த நாம், தரை கூட்டும் துடைப்பத்துக்கு ஏன் தரவில்லை? தெருக் கூட்டும் தொழிலாளர் ஈர்க்குமாற்றைக் கழியில் செருகி நிமிர்ந்து நின்று கூட்டுவதைக் காண்கிறோம். வீட்டுக்குள் பெண்கள் மட்டும் குனிந்தே கூட்டுகிறார்கள். கட்டிலடிக்குத் தரையோடு தரையாகத் தவழ்கிறார்கள். என் தாயார் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் குனிந்து கூட்டிய கூலியில்தான் ஏறினேன். ஒரு கழியின் விலை பெரிதல்ல. ஆயினும் அதைப் பொருத்தித் தர வேண்டும் என்று அந்த மூன்று வீடுகளிலும் எவருக்கும் தோன்றவில்லை. குனிகிறவர் வேறொருவர் அல்லவா?

இந்த மனப்பான்மை உயிரையே குடிக்கும் இடம் ஒன்றும் நம் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் செப்டிக் டேங்க். வீட்டில் கை எட்டாத இடங்களிலெல்லாம் கொடியது அது. அதற்குள் காற்றின்றி அழுகும் கழிவிலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரியோ ஏறத்தாழ 29. ஆகவே அது அடியிலேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்டு அதை அறியலாம் என்று படிக்கிறோம். அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் மீளாமற் போவது இதனால்தான். அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் உடன் மாண்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

“லாரிக் குழாய் உறிஞ்சியது போக அடியில் கெட்டிக் கசடு நிற்கிறதே, ஆள் இறங்காமல் எப்படி?” என்பார் வீட்டுக்காரர். நீரைப் பீய்ச்சி, மேலே நின்றபடியே நீண்ட கழியால் கலக்கினால் கசடு இளகிக் குழாயில் ஏறும். சிறிது கசடு தங்குவதும் நல்லதே. கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அதுவே வித்து. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துவந்தால் கசடு கல்லாய் இறுகவும் இறுகாது. பாதாளச் சாக்கடைக்கே 2018-இல் திருவனந்தபுரத்தில் பொறியாளர் இளைஞர்கள் ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரனை இறக்கிக் காட்டினார்கள். கருவி இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. அமர்த்துபவர் வீட்டுக்காரரே ஆனாலும் அவருக்கும் இது பொருந்தும். இத்தகைய சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் விதித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா? இறக்கப்படுபவர் பெரும்பாலும் எந்தச் சாதியினர் என்பதையும், ஏன் அவர்களே என்பதையும் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டாமா?

ஆசிரியப் பெருமக்களே, அன்பு நண்பர்களே! நாம் செய்யக் கூடியவை இரண்டு. விடுதியிலும் வகுப்பறையிலும் கூட்டுகின்ற அம்மாக்களுக்கு நீண்ட கைப்பிடித் துடைப்பம் கேட்டு வாங்கித் தருவோம். நம் வீட்டுச் செப்டிக் டேங்கைத் திறக்கும் நாளில் நாமே அருகில் நின்று, எவரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வோம். வாடகை வீடாயிருந்தாலும் வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் பட்டம் பெறப்போகும் நாம் இதைக்கூடச் செய்யாவிட்டால், படித்து என்ன பயன்?