கசப்பு மட்டும் ஏன் மறப்பதில்லை?

திருச்சி பாலக்கரையில் வயதான பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

"1977-ல் வெள்ளம் வந்ததே, நினைவு இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மடமடவென்று சொல்வார். அந்த நவம்பர் மாதப் புயல் மழை, ஊருக்குள் புகுந்த தண்ணீர், எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது, யார் யார் மாடிக்கு ஓடினார்கள் - எல்லாம் வரும்.

"சரி, அடுத்த ஆண்டு ஆடிப் பெருக்கு எப்படி நடந்தது?" என்று கேளுங்கள்.

விழிப்பார்!

காவிரி செய்த நன்மை கொஞ்சமா? பாலக்கரை வழியாக ஓடுகிறதே உய்யக்கொண்டான் வாய்க்கால், அது சோழர் காலத்தில் இருந்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்த நன்மை நினைவில் இல்லை. சில நாள் பட்ட துன்பம் மட்டும் நிற்கிறது.

மனம் நன்றி கெட்டதா? இல்லை.

ஆதி மனிதன் காட்டில் திரிந்தான். பழ மரத்தைக் கவனிக்காமல் போனால் ஒரு வேளைப் பட்டினி. பாம்பைக் கவனிக்காமல் போனால் உயிரே போய்விடும். ஆபத்தை மறக்காதவன் பிழைத்தான். நாம் அவனுடைய வாரிசுகள். விஞ்ஞானிகள் கூறும் விளக்கம் இது.

நஷ்டத்தின் வலி

டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற 2 மனோதத்துவ நிபுணர்கள் 1979-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லாபம் தரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்று காட்டினார்கள். ஏறக்குறைய 2 மடங்கு என்று பின்னர் கணக்கிட்டார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

காந்தி மார்க்கெட் வியாபாரிக்கு இது புதுச் செய்தி அல்ல. 100 ரூபாய் லாபம் வந்தால் இரவே மறந்துவிடுவார். 100 ரூபாய் தொலைந்தால் தூக்கம் வராது!

வெள்ளத்தை மறக்காமல் இருப்பது நல்லதுதான். அந்த நினைவு இருந்தால்தான் ஊரார் கரையைக் கவனிப்பார்கள். இதே மனம் வீட்டுக்குள் வேலை செய்யும்போதுதான் வம்பு.

கணவன்-மனைவி பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், அமெரிக்காவின் ஜான் காட்மன். ஒற்றுமையாக வாழும் தம்பதிகள், சச்சரவின்போதுகூட 1 கசப்புக்கு 5 இனிமை வைத்துப் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார்.

காலையில் திட்டிவிட்டு, மாலையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் கணவன்மார்களே, இன்னும் 4 பாக்கி!

பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம்.

மார்க் பட்டியல் வருகிறது. 4 பாடங்களில் நல்ல மார்க். கணக்கில் மட்டும் 32. அப்பாவின் கண் எதில் விழுகிறது?

"நீ எங்கே உருப்படப் போகிறாய்!" என்கிறார்.

பையன் அந்த 4 பாடங்களையும் மறந்துவிடுவான். அந்தச் சொல்லை, தனக்கு ஒரு பையன் பிறந்த பிறகும் மறக்க மாட்டான்.

அடுத்த முறை பட்டியலை விரிக்கும்போது தமிழ் மார்க்கை முதலில் படியுங்கள். அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள். கணக்கைப் பற்றிச் சாப்பிட்ட பிறகு பேசிக்கொள்ளலாம்.