தகர டப்பா சங்கம்

யாராவது நமக்குக் கிண்டலாக ஒரு பட்டப்பேர் வைத்தால் என்ன செய்வோம்? முறைப்போம். வைத்தவர் வாட்டசாட்டமாக இருந்தால் சிரித்து மழுப்புவோம். அமெரிக்காவில் ஒரு கூட்டம் அந்தப் பேரையே போர்டில் எழுதி மாட்டி, சங்கம் ஆரம்பித்துவிட்டது.

சங்கத்தின் பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. அதாவது தகர டப்பா யாத்ரீகர்கள்! 1919-ல் ஃப்ளோரிடா மாநிலம் டாம்பாவில், டி சோட்டோ பார்க்கில் தொடக்கம். வடக்கத்திக் குளிர் தாங்காமல், மாடல்-டி ஃபோர்டு காரில் கூடாரத்தையும் குடும்பத்தையும் திணித்துக்கொண்டு தெற்கே வந்து டேரா போட்ட ஆசாமிகள் இவர்கள். ஹோட்டலில் ரூம் எடுக்க மாட்டார்கள். சாப்பாடும் டின்னில் அடைத்து எடுத்து வந்ததுதான். உள்ளூர் வியாபாரிகளுக்கு வயிறு எரியாதா? 'வரும்போது ஒரு சட்டையும் ஒரு இருபது டாலர் நோட்டும் கொண்டுவருவான். ஊர் திரும்பும்வரை இரண்டையும் மாற்ற மாட்டான்' என்று ஜோக் அடித்தார்கள். நம் ஆசாமிகள் அசரவில்லை. காலி டப்பா ஒன்றைக் கார் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்து, அதையே அடையாளச் சின்னமாக்கிக் கொண்டார்கள்.

கூடாரம் போய், சக்கரம் வைத்த வீடு வந்ததற்கு மழையும் ஒரு காரணம். டெட்ராய்ட் நகரத்தில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு பாக்டீரியா விஞ்ஞானி. சில நிமிஷங்களில் விரித்துவிடலாம் என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு கூடார டிரெய்லர் வாங்கிக் குடும்பத்தோடு கிளம்பினார். மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் விரிவதற்குள் குடும்பமே தொப்பல். மனுஷர் ஊருக்குத் திரும்பி, நாலு பக்கமும் கெட்டிச் சுவர் வைத்த ஒரு பெட்டியைச் சக்கரத்தின் மேல் கட்டினார். 1930-ல் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் கொண்டுவந்து நிறுத்தினார். சில வருஷங்களில் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் முதலாளியே அவர்தான். விளம்பரத்தை நம்பி நனைந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர். ஃபேக்டரி கட்டியவர் இவர் ஒருத்தர்தான்!

★

நம்மூரில் டிரெய்லர் என்றால் சினிமா. இல்லாவிட்டால் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு. அங்கே, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் உள்ளேயே அடக்கம்.

காலப்போக்கில் தகர டப்பா சங்கம் படுத்துவிட்டது. 1998-ல் மிச்சிகன் மாநிலத்துத் தம்பதி ஒருவர் அதைத் தட்டி எழுப்பினார்கள், பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்காக. மில்ஃபோர்டு என்ற ஊரில் கேம்ப் டியர்பார்ன் என்கிற பெரிய மைதானத்தில் கூடுவார்கள். என் மச்சினன் வேலை பார்ப்பது அதற்குப் பக்கத்து ஊர். ஊர்ப் பெயர் நோவை. கோவைக்காரனுக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள்!

"அத்தான், நயாகரா போலாமா?" என்றான்.

"டப்பா பார்க்கப் போலாம்" என்றேன். அக்கா புருஷன் என்பதால் பேசாமல் காரை எடுத்தான்.

புல்வெளி முழுக்க வரிசையாக வண்டிகள். புதினாப் பச்சை, வெண்ணெய் மஞ்சள், ரோஸ் மில்க் கலர். நிறைய வண்டிகளுக்கு ஹாம் டின் வடிவம். நம்ம கண்ணுக்கு, ஓவல் டிபன் பாக்ஸை நிமிர்த்தி வைத்த மாதிரி. நடுநடுவே வெள்ளிக் குடம் போல மின்னுகிற ஏர்ஸ்ட்ரீம்கள். இந்த ஏர்ஸ்ட்ரீமுக்கு ஒரு பெருமை உண்டு. 1969-ல் சந்திரனுக்குப் போய் வந்த ஆம்ஸ்ட்ராங் கோஷ்டியை, கிருமி கிருமி என்று பயந்து கப்பலிலேயே பூட்டி வைத்தார்களே, அந்த அறை சக்கரம் கழற்றிய ஒரு ஏர்ஸ்ட்ரீம். ஜனாதிபதி நிக்ஸனே வெளியில் நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசினார். பிரசவ ஆஸ்பத்திரியில் மாமனார் எட்டிப் பார்ப்பது போல!

சனிக்கிழமை விசேஷம். அன்றைக்கு வண்டிக் கதவுகளைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். முன்பின் தெரியாத மாநிறத்து ஆசாமிகள் இரண்டு பேர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தலையை நீட்டினால், "வாங்க வாங்க, தலை இடிக்கும், பார்த்து" என்கிறார்கள். கட்டில் எங்கே என்று கேட்டால், சாப்பாட்டு மேஜையை இறக்கி, மேலே மெத்தையைப் போட்டு, "இதோ" என்கிறார்கள். உள்சுவரெல்லாம் பிர்ச் மரப் பலகை, தேன் நிறத்தில் பளபளக்கிறது. பூசியிருப்பது ஷெல்லாக். அதாவது அரக்கு. நம்ம ஜார்க்கண்ட் பக்கத்து மரங்களில் பூச்சி கட்டுகிற சமாச்சாரம்!

அத்தனை பளபளப்புக்கும் ஒரே எதிரி தண்ணீர். வெளியே அலுமினியத் தகடு ஜோராக இருக்கும். ஜன்னல் ஓரத்தில், மூலை மடிப்பில் ஒரு பொட்டு ஒழுகினால் போதும். உள்ளே இருக்கிற மரச்சட்டம் வருஷக்கணக்கில் ஊறி, விரலால் அழுத்தினால் ஊறவைத்த ரஸ்க் மாதிரி பொதபொதக்கும். தகட்டை மொத்தமாக உரித்து, சட்டத்தைப் புதிதாக அடித்து, மடிப்புக்கெல்லாம் பிசின் பட்டை வைத்து, மறுபடி தகட்டைப் போர்த்த வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வேலை செய்தால் இரண்டு வருஷம் ஓடிவிடும். பில் போட்டால் யாருக்கும் கட்டாது. யாரும் பில் போடுவதில்லை.

★

மூன்றாவது வரிசையில் ஒரு 1961 ஷாஸ்டா. பின்பக்கம் இரண்டு அலுமினிய இறக்கைகள். ஜன்னலில் 'விற்பனைக்கு' என்று அட்டை. சொந்தக்காரருக்கு 74 வயது. கார் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 12 வருஷம் முன்னால் ஒரு பண்ணையில் கோழிக்கூண்டாகக் கிடந்ததை 300 டாலருக்கு வாங்கினாராம். முட்டை இருந்ததா என்று கேட்டேன். "நாலு" என்றார் சீரியஸாக.

ஏன் விற்கிறீர்கள்?

"வருஷத்துக்கு ரெண்டு தடவை கூரை மேல ஏறி மடிப்பெல்லாம் பார்க்கணும். முட்டி ஒத்துழைக்கலை. கூரை ஏற முடியாதவன் இதை வெச்சிருக்கக் கூடாது."

நாங்கள் நிற்கும்போதே ஒருவர் வந்தார். கல்யாணங்களுக்கு நடமாடும் மதுக்கடை நடத்துகிறவராம். அங்கே இப்போது அது நல்ல பிசினஸ். வெளியில் நின்றபடியே நீளம் அளந்தார். "இந்தப் பக்கச் சுவரை வெட்டினா கவுண்ட்டர் சரியா உட்காரும்" என்றார். 14,000 டாலர், ரொக்கம். பெரியவர் முகத்தில் சலனமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அரை மணி கழித்து ஒரு சின்னப் பையனும் பெண்ணும். பையன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். வருஷத்துக்கு 10 நாள் லீவ். (சம்பளத்தோடு லீவ் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே சி.எல். கேட்டால் முறைக்கிற நம் மேனேஜரை இன்றைக்கு மன்னித்துவிடுங்கள்.) அந்தப் பெண் நேராக உள்ளே போய்ப் படுக்கையில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். பையன் சுவரை மூலை மூலையாக அழுத்திப் பார்த்துவிட்டு, "மழை பெய்தா எங்கே முதல்ல ஒழுகும்?" என்று கேட்டான்.

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எங்களைப் பார்க்கும்போது எழுந்திருக்கவில்லை!

பையனிடம் இருந்தது 8,500. மேற்கொண்டு மாசத் தவணையில் தருகிறேன் என்றான். "தவணை எல்லாம் வேண்டாம்" என்றார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். எந்த மாசம் எந்த மடிப்பைப் பிரித்தார், எந்தச் சக்கரத்துக்கு எப்போது கிரீஸ் வைத்தார், எல்லாம் தேதி வாரியாக. அதை அவன் கையில் கொடுத்தார். "8,500 போதும். டயர்ல பட்டன் இருக்கேன்னு ஏமாறாதே. வயசாயிட்டா மாத்திடு" என்றார்.

மச்சினன் என் காதில், "அத்தான், 5,500 டாலர் நஷ்டம்!" என்றான். மதுக்கடைக்காரர் தூரத்தில் வேறொரு வண்டியை அளந்துகொண்டிருந்தார். பெரியவர் பையனைக் கூரை மேல் ஏற்றி, கீழே நின்று, "இடது மூலை... இன்னும் கொஞ்சம்... அங்கதான்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

★

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் ஞாபகம் இருக்கும். இரண்டு முறை உண்டு. நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால், பத்தோ பதினைந்தோ வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யம். அந்தக் கணக்கில், அந்த மைதானத்தில் நின்ற அத்தனை வண்டிகளுமே பூஜ்யம்தான். இன்னொரு முறையில், மிச்சம் இருக்கிற மதிப்பில் மட்டும் ஒரு பங்கைக் கழிப்போம். அதில் எத்தனை வருஷமானாலும் பூஜ்யம் வராது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். காலேஜில் வாத்தியார் இதைச் சொன்னபோது, அந்தக் கொஞ்சத்தை வைத்து என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சைக்கும் வராது.

பெரியவர் அன்றைக்கு விற்றது அந்தக் கொஞ்சத்தைத்தான். அதை வெட்டிக் கவுண்ட்டர் போடுகிறவருக்கு விற்க அவருக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து பொது விருந்து. மச்சினன் கொண்டுபோன எலுமிச்சை சாதம் பத்து நிமிஷத்தில் காலி. திரும்பும் வழியெல்லாம் அவன் எதையோ யோசித்துக்கொண்டே காரை ஓட்டினான்.

கடைசியில் கேட்டான்: "அத்தான், 300 டாலருக்குக் கோழிக்கூண்டு எங்க கிடைக்கும்?"