சப்பாத்தைத் தொலைத்த பிள்ளைக்கு நாம் ஏன் பயப்படுகிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டுக் கருத்து எழுத வேண்டாம். கடைசிவரை வாசியுங்கள். பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலையில் நடந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் கேள்விப்பட்ட மாதிரித்தான் தெரியும். நடந்தது இதுதான். தரம் 9 பிள்ளைகளுக்கு ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ என்ற ஈரானியப் படத்தைக் காட்ட ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் ஏற்பாடு செய்தோம். முதல் நாள் இரவே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது: “பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறார்களாம்.” விடிந்தபோது வாசலில் பதினைந்து பேர். அதிபர் என்ன செய்வார், பாவம். நிறுத்திவிட்டார்.

வந்தவர்களிடம் நாங்கள் கேட்டோம்: “இந்தப் படத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?” ஒருவரும் இல்லை. “கதையாவது தெரியுமா?” அதுவும் தெரியாது. ஒருவர் சொன்னார், “படம் என்றால் படம்தானே சேர்.” இன்னொருவர், “ஈரான் படம் என்றால் ஷியாக்களின் படம்” என்றார்.

அந்த இரண்டு வசனத்துக்கும் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். சினிமாவைப் பற்றி உலமாக்கள் சொல்லும் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆபாசமும் குடியும் கத்தியும் இரத்தமும், பெண்பிள்ளையின் பின்னால் அலைவதை வீரமாகக் காட்டுவதும் பிள்ளைகளைக் கெடுக்காது என்று நாங்கள் ஒருநாளும் சொல்லமாட்டோம். அதன் விளைவை வகுப்பறையில் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தான். எந்தப் படமும் வேண்டாம் என்று உண்மையாகவே ஒதுங்கி வாழும் குடும்பங்களும் ஊரில் இருக்கின்றன. அவர்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கலாம் என்று முதலிலேயே எழுதி அனுப்பியிருந்தோம்.

எங்கள் சண்டை மற்றவர்களோடு. அதாவது நம்மில் அநேகரோடு.

சென்னையில் வெளியாகும் படம் இரண்டு நாளில் நம் பிள்ளைகளின் போனில் இருக்கிறது. டெலிகிராமில் எங்கே தேட வேண்டும் என்று தரம் 7 பிள்ளைக்குத் தெரியும். கஞ்சா கடத்துபவனும் ஆள் வெட்டுபவனும் அந்தப் படங்களில் கதாநாயகன். அவனைப் போல முடி வெட்டிக்கொண்டு, அவனுடைய வசனத்தைப் பேசிக்கொண்டு பிள்ளை வகுப்புக்கு வருகிறான். வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? தொடர் நாடகம் ஓடுகிறது. இஷாவுக்குப் பாங்கு சொன்னால் சத்தத்தைக் குறைக்கிறோம். பாங்கு முடிந்ததும் கூட்டுகிறோம். பெருநாள் பின்னேரம் பொடியன்கள் டவுன் தியேட்டருக்குப் போவது தெரிந்தும் தெரியாதது போல இருக்கிறோம்.

ஆக, இந்த ஊரில் யாரும் படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து, நல்ல படம் ஒன்றைப் பிள்ளைகளோடு பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறோம். கெட்டதைப் போர்வைக்குள் தனியாகப் பார்க்க விட்டுவிட்டு, நல்லதை வெளிச்சத்தில் பார்க்கத் தடை போட்டிருக்கிறோம்.

நாங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கைக்குழந்தைகளாகத் தூக்கிவரப்பட்டவர்கள். அல்லது வந்த பிறகு புத்தளத்துக் காம்பில் பிறந்தவர்கள். கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, கூப்பன் வரிசையில் நின்று, ஆசிரியர் கலாசாலைக்குப் போய், இன்று உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். எங்களை வளர்த்தது உம்மாவும் வாப்பாவும், ஓதித்தந்த ஹஸ்ரத்தும், படிப்பித்த ஆசிரியர்களும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாலைந்து படங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதை மறைப்பது பொய்.

காம்பில் ஒரு நோன்பு காலம். தராவீஹ் முடிந்த பிறகு டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, மணலில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் இருந்து பார்த்த படம் ‘த மெசேஜ்’. முஸ்தபா அக்காத் 1976 இல் எடுத்தது. இங்கிலிஷ் தெரிந்த மாமா ஒருவர் இடையிடையே நிறுத்தி விளக்கம் சொன்னார். அதில் நபி (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. ஹம்ஸா (ரழி) அவர்களாக ஒருவர் நடித்ததை ஏற்காத உலமாக்கள் இருக்கிறார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அபிசீனியா ஹிஜ்ரத் இஸ்லாம் பாடப் புத்தகத்தில் சில வரி. பரீட்சைக்காகப் பாடமாக்கினோம், பரீட்சையோடு மறந்தோம். அந்தப் படத்தில் நஜாஷி மன்னரின் சபையில் ஜஃபர் (ரழி) நிற்கிறார். துரத்தி வந்தவர்கள், இவர்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். ஜஃபர் (ரழி) மர்யம் (அலை) அவர்களைப் பற்றிய வசனங்களை ஓதுகிறார். கிறிஸ்தவரான அந்த மன்னர் கைத்தடியால் நிலத்தில் ஒரு கோடு கீறி, நம் இரு மார்க்கத்துக்கும் இடையில் இவ்வளவுதான் தூரம் என்று காட்டுகிறார். அடைக்கலம் கிடைக்கிறது. பெண்கள் பக்கம் ஒரே அழுகை.

பாடசாலையில் எங்களை “அகதிப் பிள்ளைகள்” என்று கூப்பிடுவார்கள். கூசிப்போவோம். அன்று இரவுக்குப் பிறகு அந்தக் கூச்சம் போனது. சஹாபாக்களும் இப்படி ஒரு வாசலில் நின்றவர்கள்தானே. அவர்களுக்குக் கதவைத் திறந்தவர் வேறு மார்க்கத்தவர் என்பதும் மனதில் பதிந்தது. இந்த நாட்டில் நாம் எல்லோரோடும் வாழ வேண்டும் என்பதை எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது அந்தக் கோடுதான்.

அந்தப் படத்துக்கு நடந்ததையும் கேளுங்கள். 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதம் தாங்கிய ஒரு குழு மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பணயம் பிடித்தது. அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, ‘த மெசேஜ்’ படத்தை நிறுத்த வேண்டும் என்பது. நபி (ஸல்) அவர்களாக ஒரு நடிகர் நடித்திருக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். நடிக்கவில்லை. படத்தைப் பார்க்காமலே துப்பாக்கி தூக்கினார்கள். ஒரு இளம் பத்திரிகையாளர் கொல்லப்பட்டார். நம் வாசலுக்கு வந்தவர்கள் ஆயுதத்தோடு வரவில்லை. அவர்கள் நம் சகோதரர்கள், அவர்களை யாரோடும் ஒப்பிடவில்லை. ஆனால் “பார்க்கத் தேவையில்லை, கேள்விப்பட்டது போதும்” என்ற பழக்கம் ஒன்றேதான். அது எங்கே போய் முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

முஸ்தபா அக்காத் எப்படி மவுத்தானார் தெரியுமா? 2005 நவம்பரில் அம்மான் நகர ஹோட்டல்களில் மார்க்கத்தின் பெயரால் வைக்கப்பட்ட குண்டுகளில். அவருடைய மகளும் கொல்லப்பட்டார். இஸ்லாத்தின் கதையை உலகத்துக்குச் சொல்ல ஆயுளைக் கொடுத்தவரை, அதே இஸ்லாத்தின் பெயரைச் சொன்னவர்கள் கொன்றார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டு முஸ்லிம்களாகிய நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இரண்டாவது படம் ஆசிரியர் கலாசாலையில் பார்த்தது. அப்பாஸ் கியாரொஸ்தமி 1987 இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’ வீட்டுப்பாடத்தைக் கொப்பியில் எழுதாத ஒரு மாணவனை, இன்னொரு முறை இப்படி வந்தால் பாடசாலையை விட்டே விலக்குவேன் என்று ஆசிரியர் மிரட்டுகிறார். பக்கத்தில் இருக்கும் அஹ்மத், அவனுடைய கொப்பியைத் தவறுதலாகத் தன் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். திருப்பிக் கொடுக்க மலையேறி அடுத்த கிராமத்துக்கு ஓடுகிறான். வீடு கிடைக்கவில்லை. பெரியவர்கள் ஒருவரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. கடைசியில் நண்பனின் வீட்டுப்பாடத்தையும் அவனே எழுதிக்கொண்டு போகிறான்.

அந்தப் படத்தில் வரும் ஆசிரியர் வேறு யாருமில்லை, நாங்கள்தான். கலாசாலைக்குப் போகும் முன் தொண்டர் ஆசிரியராக இருந்த காலத்தில், “கொப்பி மறந்துவிட்டேன்” என்ற ஒரு பிள்ளையை ஒரு கிழமை வெயிலில் நிறுத்தினோம். கொப்பி வாங்க வீட்டில் காசில்லை, அதைச் சொல்ல வெட்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. உளவியல் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தோம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்க வைத்தது அந்தப் படம்தான். இன்று எங்கள் மேசை லாச்சியில் இரண்டு புதுக் கொப்பி எப்போதும் இருக்கும். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, பிரசன்ன விதானகே 2003 இல் எடுத்த ‘இர மெதியம’. அதில் மூன்று கதைகள். ஒன்று நம் கதை. வெளியேற்றப்படும் ஒரு முஸ்லிம் சிறுவன், அரபாத், தன் நாயைக் கைவிட மனமில்லாமல் தவிக்கிறான். நாய் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். வீட்டையும் கிணற்றையும் மையவாடியையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை எதை விட்டுவிட்டுப் போகிறான் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. காணாமல்போன விமானியைத் தேடும் மனைவியின் கதை இன்னொன்று. விடுமுறையில் வந்த சிப்பாய் தன் சகோதரியைப் பார்க்கக்கூடாத இடத்தில் பார்ப்பது மற்றது.

நாங்கள் வெறுப்போடு வளர்ந்தவர்கள். எங்கள் துயரம் மட்டும்தான் துயரம் என்று நினைத்திருந்தோம். ஒரு சிங்களப் படைப்பாளி நம் பிள்ளையின் கண்ணீரைத் தன் மக்களின் கண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றுதான் மற்றவர் வீட்டு மரணத்தையும் பார்க்கக் கற்றோம். நாளை நம் ஊரிலிருந்து ஒரு பிள்ளை நம் கதையைச் சொல்ல ஒரு கமெராவைத் தூக்கினால் என்ன செய்வோம்? அதற்கும் ஒரு குரல் பதிவு போடுவோமா? பிறகு, நம்மைப் பற்றி மற்றவர்கள் தப்பாகக் காட்டுகிறார்கள் என்று புலம்புவோமா?

இனி, நீங்கள் நிறுத்திய படத்துக்கு வருவோம். மஜீத் மஜீதி, 1997. தங்கையின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அலி, வழியில் அதைத் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் வேறு வாங்கக் காசில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. காலையில் தங்கை, பின்னேரம் அண்ணன் என்று ஒரே சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஓடுகிறார்கள். ஓட்டப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு சப்பாத்து என்று தெரிந்து, மூன்றாவதாக வரவேண்டும் என்றே அலி ஓடுகிறான். முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். இவ்வளவுதான் கதை.

இதில் ஒரு காட்சி. பள்ளிவாசலுக்குரிய சீனிக்கட்டியை வாப்பா வீட்டில் இருந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் குவியல் குவியலாகச் சீனி. மகள் தேநீர் கொண்டுவருகிறாள். சீனி எங்கே என்று கேட்கிறார். இங்கே இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் பிள்ளை. இது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பித் தந்தது என்கிறார். ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

அமானிதம் என்றால் என்ன என்று நாங்கள் வருடக்கணக்கில் படிப்பிக்கிறோம். அந்த ஒரு நிமிடத்தைப் போல எங்களால் படிப்பிக்க முடிந்ததில்லை. நிவாரண மூட்டைகள் எந்த எந்த வீட்டுக்குப் போயின என்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சீனி நெஞ்சில் குத்தியது. இதையா பிள்ளைகள் பார்க்கக்கூடாது? சப்பாத்து இல்லாத பிள்ளை ஷியாவா சுன்னியா என்று கேட்டுவிட்டா இரக்கப்படுவது? நம் வகுப்பிலும் அண்ணனும் தங்கையும் ஒரே சப்பாத்தைப் போடுகிற வீடு இருக்கிறது. எந்த வீடு என்று சொல்லமாட்டோம்.

கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் காட்டும் முன் நீங்கள் பாருங்கள். வாசலுக்கு வந்த பதினைந்து பேரும் வாருங்கள், குரல் பதிவு போட்டவரும் வாருங்கள், மௌலவிமாரும் வாருங்கள். மண்டபம் தரமுடியாது என்றால் எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தை இருக்கிறது. வரும் சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தால் போதும். ஒன்றரை மணித்தியாலப் படம், மஃரிபுக்கு முன் முடிந்துவிடும். பார்த்த பிறகும் இது நம் பிள்ளைகளுக்குக் கூடாது என்றால், எந்தக் காட்சி, ஏன் கூடாது என்று எங்கள் முகத்துக்கு முன்னால் சொல்லுங்கள். சரியான காரணம் என்றால் நிறுத்திக்கொள்கிறோம். பார்க்காமல் மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தேநீர் எங்கள் செலவு. சீனியும் எங்கள் சொந்தச் சீனிதான்.

வஸ்ஸலாம்.