டம்ளர் வைத்த பரிட்சை

கோமுகி அணையைப் பார்த்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளித் தோட்டம். அங்கே ஒரு பெரியவர், செடிகளுக்கு அடியில் மண்ணைப் பறித்து, எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்!

"என்னங்க ஐயா, தோட்டத்திலே பந்தியா?" என்றேன்.

"பந்தி இல்லே தம்பி, பரிட்சை. குழாய்க்குப் பரிட்சை!" என்றார்.

சொட்டுநீர்க் குழாய் போட்டு நாலு வருஷமாகிறதாம். சொட்டுவான் ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விட வேண்டும். அப்படியானால் 3 நிமிஷத்தில் 200 மில்லி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மோட்டார்ப் பக்கத்து டம்ளரில் கணக்கு சரியாக இருந்தது. கடைக்கோடி டம்ளரிலோ பாதிதான்!

"கோடியிலே இருக்கிற செடி அரைப் பட்டினி. இலை வாடினப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார்.

குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. முத்திரை பொய்யல்ல. வெயிலில் பாலிதீன் வெடிக்காமலிருக்க, அதில் 100க்கு 2 முதல் 3 பங்கு வரை கரித்தூள் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் கொண்டுபோகும் பாலிதீன் குழாய்களை 80 டிகிரி சூட்டில், உள்ளே அழுத்தம் கொடுத்து, 165 மணி நேரம் வாட்டுகிறார்கள். ஒரு வாரச் சித்திரவதையில் பல வருஷத்து உழைப்பை எடை போடும் வித்தை அது. ஆனால் இந்தக் கிணற்றின் உப்புத் தண்ணீரை அந்தப் பரிசோதனைச் சாலை கண்டதில்லை. குழாயைக் கடிக்கும் அணிலையும் கண்டதில்லை!

பெரியவரின் கவலைக்குக் காரணம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசாங்கம் ஒரு வரம்புக்குள் முழு மானியம் தருகிறது. அதே நிலத்துக்கு மறுபடி கேட்க 7 வருஷம் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் வருஷத்தில் குழாய் கண்ணை மூடினால், மீதி வருஷங்களுக்குக் கைக்காசுதான்.

வடிகட்டியைக் கழற்றினார், ஒரு கைப்பிடிச் சேறு. கழுவி மாட்டிவிட்டு, குழாய்களின் நுனியைத் திறந்துவிட்டார். கலங்கல் பீச்சியடித்து, பிறகு தெளிந்தது. மறுபடி டம்ளர் வைத்தோம். கோடியில் இப்போது முக்கால் பங்கு!

"மீதி கால் பங்கு சுண்ணாம்பு படிஞ்ச அடைப்பு. அதுக்கு ஆசிட் விடணும். அளவு தெரிஞ்சவங்களைக் கேட்டுத்தான் விடுவேன்" என்றார். நல்ல காரியம். ஆசிட்டோடு விளையாடக் கூடாது.

அதற்குள் வரப்பிலிருந்து வீட்டு அம்மாளின் குரல் கேட்டது:

"பரிட்சை முடிஞ்சிதா? வந்தவருக்குக் காப்பி ஊத்த வீட்டிலே ஒரு டம்ளர் இல்லே!"