வீட்டுத் தெரு கடைத்தெரு ஆகுது! வாடகைக்காரர் கதி என்ன?

கீழே கடை, மேலே குடித்தனம். சென்னையில் இப்படி இல்லாத தெருவை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலில் ஒரு வீட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வரும். அடுத்து செல்போன் கடை, அப்புறம் ஓட்டல். ஒருநாள் வீட்டு ஓனர் வந்து நிற்பார். "தப்பா நினைச்சுக்காதீங்க, ஷோரூமுக்கு கேக்குறாங்க, ரெண்டு மாசத்துல காலி பண்ணிக்கொடுங்க" என்பார். அட்வான்சை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே வீடு தேட வேண்டியதுதான்.

இது ஏதோ தானாக நடப்பது போலத்தான் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு மேப் இருக்கிறது.

கலர் போட்ட மேப்

சென்னையில் எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே கடை கட்டலாம் என்று சி.எம்.டி.ஏ. பிரித்து வைத்திருக்கிறது. 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் குடியிருப்பு, கலப்பு குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம் என்று ஒவ்வொரு சர்வே நம்பரும் ஒரு பிரிவில் வரும்.

குடியிருப்பு என்றால் கடையே கூடாது என்று அர்த்தம் இல்லை. மளிகை விற்கும் பெட்டிக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரே ஆள் தைக்கும் தையல் கடை இதெல்லாம் வைக்கலாம். தெருக்காரர்களுக்குத் தேவையான சின்னக் கடைக்கு சட்டத்திலேயே இடம் உண்டு. பிரச்சினை மாடி மாடியாக எழும் பெரிய கடைகளால்தான்.

தி.நகர் சொல்லும் பாடம்

தி.நகர் 1920-களில் குடியிருப்புக்காக உருவாக்கிய பகுதி. இன்று ரங்கநாதன் தெருவில் பண்டிகை சீசனில் நடக்கவே இடம் கிடையாது. 2008 செப்டம்பரில் அங்கே ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து 2 ஊழியர்கள் உயிரிழந்தனர். 2017 மே 31-ந்தேதி உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை கட்டிடமே எரிந்து, பிறகு இடித்துத் தள்ளினார்கள். அனுமதி வாங்கியதை விட அதிக மாடி கட்டிய கட்டிடம் அது என்ற விவரம் எரிந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

அத்தனை மாடி எழும்பும்வரை யார் கண்ணிலும் படவில்லையா?

கட்டு... அப்புறம் பணம் கட்டு!

விதி மீறிய கட்டிடங்களை பணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய 1998-ல் நகர ஊரமைப்பு சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு அதையே திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். 'ஒரு தடவை சரி, அதற்கு மேல் செல்லாது' என்று 2006-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 2007-ல் அவசர சட்டம் வந்தது. 2012-ல் 113-சி வந்தது. அதன்படி 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கு மறுபடியும் வாய்ப்பு கொடுத்தார்கள்.

பெரிய முதலாளிக்கு விதியை மாற்றி எழுதலாம். சின்ன ஆளுக்கு? வாடகை வீட்டு முன் அறையில் மிஷின் போட்டு கடை நடத்தினால் கரண்ட் கனெக்ஷனை கமர்ஷியலாக மாற்றச் சொல்வார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அந்த கனெக்ஷனுக்கு கிடையாது. 2022-ல் சொத்து வரி ஏறியபோது சென்னையில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், கடைக்கு 150 சதவீதம் ஏற்றினார்கள். ஓனர் அதை எங்கே வசூலிப்பார்? வாடகையில்தான்!

சுப்ரீம் கோர்ட்டு சாட்டை

உத்தரபிரதேசம் மீரட்டில் வீட்டு மனையில் கடைகள் கட்டிய வழக்கில் 2024 டிசம்பர் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. எத்தனை வருஷம் ஆனாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் விதிமீறல் விதிமீறல்தான். கண்டுகொள்ளாமல் விட்ட அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஆனால் அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்கள் கதியையும் யோசிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தடுத்திருந்தால் அவர்கள் நடுத்தெருவுக்கு வரும் நிலை வந்திருக்காது.

நாம என்ன செய்யலாம்?

ஒரு மனையை குடியிருப்பில் இருந்து வணிகமாக மாற்ற சி.எம்.டி.ஏ.வில் மனு போட்டால், ஆட்சேபணை கேட்டு பேப்பரில் பொது அறிவிப்பு கொடுப்பார்கள். பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஆட்சேபணை வராவிட்டால் 'எதிர்ப்பு இல்லை' என்று பைல் நகர்ந்துவிடும்.

உங்கள் தெரு பெயர், சர்வே நம்பர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 'தெருவின் அகலம் இவ்வளவு, தீயணைப்பு வண்டி வராது, தண்ணீர், கழிவுநீர் நிலைமை இது' என்று எழுதி, அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கி, எழும்பூர் சி.எம்.டி.ஏ. ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். அந்தத் தெருவில் குடியிருப்பவர் அவர்தானே!

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-ம் ஆண்டை கணக்கில் வைத்துப் போட்டது. அடுத்தது மூன்றாவது மாஸ்டர் பிளான். மேப்பில் கலர் அடிக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்போது புலம்பி என்ன பிரயோஜனம்?