ஊரில் எழும் வீடுகளும் ஊர்க் கிணறுகளும்

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், அம்மண்ணின் நீர்ச்செல்வம் முழுவதும் நிலத்துக்கு அடியிலேயே இருக்கின்றது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. நிலாவரையும் கீரிமலையும் அந்த நீருலகின் வெளித்தெரியும் வாசல்கள். மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளூடாகவே மனிதக் கழிவும் இறங்குகின்றது என்பதுதான் இன்றைய கவலை.

புலம்பெயர்ந்த உறவுகளின் உழைப்பால் தாயகத்தில் வீடுகள் எழுகின்றன. பிறந்த மண்ணில் ஒரு வீடு என்பது பலரின் வாழ்நாள் கனவு. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும், தரை ஓட்டின் நிறத்தை ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் தீர்மானிப்பவர்களில், மலசலகூடக் குழி எங்கே, எவ்வாறு வெட்டப்படுகின்றது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மனிதனின் கழிவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் உண்டு. அதில் பெரும்பகுதி சிறுநீரிலேயே இருக்கின்றது. ஐவர் வாழும் வீட்டிலிருந்து அது 20 கிலோ ஆகும். பாதி காற்றோடும் குழியின் அடிமண்டியோடும் போய்விட்டதாகக் கொண்டாலும், 10 கிலோ நைத்திரேற்றாக மாறி நிலத்தடியைச் சேரும். வீட்டுக் காணி நான்கு பரப்பு, அதாவது ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் என வைத்துக்கொள்வோமாயின், ஆண்டு மழையில் 400 மில்லிமீற்றர் உள்ளிறங்கினால் அக்காணிக்குக் கிடைக்கும் புதுநீர் 400 கனமீற்றர். இலீற்றருக்கு 25 மில்லிகிராம் நைதரசன் என்பது இதன் விடை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாகச் சொன்னால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். விடையோ அதன் இருமடங்கைத் தாண்டுகின்றது. அதே குடும்பம் ஒன்பது பரப்பில் வாழ்ந்தால்தான் எல்லைக்குள் அடங்கும். இது உத்தேசக் கணக்கே. காணிக்குக் காணி மாறும். ஆனால் காணிகள் துண்டாடப்பட்டு வீடுகள் நெருங்க நெருங்க நீர் எத்திசையில் செல்லும் என்பதை அது ஐயமின்றிக் காட்டுகின்றது.

தோட்டங்களுக்கு இடும் யூரியாவே முதற்குற்றவாளி என்று வாதிடுவோர் உண்டு. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் பகுதிகளில் அது உண்மையே. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஆனால் தோட்டமே இல்லாத நெருக்கமான குடியிருப்புகளில் பழியை உரத்தின் மேல் போட்டுத் தப்ப முடியாது.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு மணத்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நீர் ஆவியாகச் செறிவு கூடும். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலமாகலாம். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரால் நேர்ந்த இத்தகைய பாதிப்பு மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை நல்லதொரு தொடக்கம். எனினும் குழாய்நீர் வருகின்றது என்பதற்காகக் கிணற்றைக் கைவிடுவது, தாயைக் கைவிட்டுச் செவிலியை நம்புவது போன்றதாகும்.

செய்யக்கூடியவை பல உள்ளன. வீடு கட்டப் பணம் அனுப்புவோர், அடியில்லாத குழிக்குப் பதிலாக நீர் கசியாத தொட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் நிறைவதை முறையாக அள்ளிச் சென்று சுத்திகரிக்கும் ஏற்பாட்டை உள்ளூராட்சி மன்றங்களிடம் வலியுறுத்த வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம் கிருமிகளைத் தடுக்க உதவும். நீரில் கரைந்து ஓடும் நைத்திரேற்றுக்கு அது மட்டும் போதாது. ஊர்ச்சங்கங்கள் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கைக் கிணற்று நீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்கலாம்.

இளையோருக்கும் இதில் பணி உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், சொக்கிலேற்றுப் பெட்டியோடு நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள்களையும் கொண்டு செல்லலாம். பேரனார் குளித்த கிணற்றின் நீரை அளந்து குறித்து, ஐயம் எழுந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அயலாருக்கும் சொல்லலாம். வேர்களைத் தேடிச் செல்லும் பயணத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறக்கப்படும் வீட்டுக்காக, ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவர்களின் நீர் கெடக்கூடாது. மதிலால் காணியைப் பிரிக்கலாம். அதன் கீழே ஓடும் நீரைப் பிரிக்க எவராலும் இயலாது.