70 வளைவு ஏறுமா அந்தக் கால ஃபாஸ்ட்பேக்? பழைய அமெரிக்கக் கார் வாங்கும் முன் இதைப் படிங்க!

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குக் கிளம்பினால் காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். புது கார் வைத்திருப்பவர்களே 40-வது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ரோட்டில் 1950-ம் வருஷத்து செவர்லே ஃப்ளீட்லைன் ஒன்று ஏறி வருவதாக நினைத்துப் பாருங்கள். முன் கண்ணாடிக்கு மேலே உயரும் கூரை, நடுவில் எங்கும் முறியாமல், ஒரே சரிவாகப் பின் பம்பர் வரை இறங்கும். இதைத்தான் ஃபாஸ்ட்பேக் என்கிறார்கள். பார்க்க மழைத்துளி மாதிரி இருக்கும். ஓட்ட எப்படி இருக்கும் என்பது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? காரணம் இருக்கிறது. 1950-க்கு முன் தயாரான கார்களை மட்டுமே விண்டேஜ் என்ற கணக்கில் இறக்குமதி செய்யலாம் என்றிருந்த விதி 2025-ல் தளர்ந்தது. காருக்கு 50 வயது தாண்டியிருந்தால் போதும். வருஷம் ஒன்று கூடக்கூட, வாங்கக்கூடிய கார்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போகும். 60-களின் அமெரிக்க ஃபாஸ்ட்பேக்குகள் எல்லாம் இப்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன. அதற்கு முன்பே, 2021 ஜூலையில், மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘அடடா, கதவு திறந்துடுச்சு’ என்று தோன்றும். திறந்ததுதான். ஆனால் உள்ளே போகும் முன் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும்.

வாங்குவது ஃபாஸ்ட்பேக்தானா?

முதலில் நம் ஊரிலேயே கிடைக்கக்கூடியதைப் பார்ப்போம். அமெரிக்கக் கார் என்றாலே கப்பலில் முழுசாக வந்து இறங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கனடா ஃபோர்டின் கிளையாக 1926-ல் தொடங்கிய ஃபோர்டு இந்தியா, பம்பாய், கல்கத்தாவோடு நம்ம மெட்ராஸிலும் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் தொடங்கியது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று 50-களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்த பிறகு, இரண்டு கம்பெனிகளும் கடையைக் கட்டின. அதனால் நம் ஊர் கொட்டகைகளில் இன்றும் கிடைக்க வாய்ப்புள்ள அமெரிக்க ஃபாஸ்ட்பேக் என்றால், அது பெரும்பாலும் 1954-க்கு முந்தையதாக இருக்கும். அதாவது மஸ்டாங் இல்லை, ஃப்ளீட்லைன் தலைமுறை.

செவர்லே ஃப்ளீட்லைனையும் அதன் உடன்பிறப்பான ஸ்டைல்லைனையும் மாற்றிச் சொல்லி விற்பது சகஜம். 1949 முதல் 1952 வரை இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். இன்ஜின் ஒன்று, முகம் ஒன்று, 115 இன்ச் வீல்பேஸும் ஒன்று. வித்தியாசம் முதுகில். ஸ்டைல்லைனில் கூரை இறங்கி, ஒரு படி மாதிரி டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளீட்லைனில் அந்தப் படி கிடையாது. அப்போது ஒரே விலைக்கு விற்றவைதான். இன்றைக்குத் தேடுபவர்கள் ஃப்ளீட்லைனைத் தேடுகிறார்கள்.

வருஷத்தைக் கண்டுபிடிக்க முன் கிரில்லைப் பாருங்கள். 1949-ல் நடுக்கம்பிக்குக் கீழே ஏழு செங்குத்துப் பற்கள் இருக்கும். 1950-ல் அந்தப் பல்வரிசை காணாமல் போய்விட்டது. 1952-ல் நடுக்கம்பியின் மேலேயே ஐந்து பற்கள் முளைத்தன. நான்கு கதவு ஃப்ளீட்லைன் 1951-ஓடு நின்றுவிட்டது. ‘1952 மாடல், நாலு டோர் ஃப்ளீட்லைன்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு டீ குடித்துக் கிளம்பலாம்.

கிரில்லைக் கழற்றி மாட்ட அரை நாள் போதும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. சீரியல் நம்பர் தட்டில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பில் 1949-க்கு ‘ஜிஜே’ அல்லது ‘ஜிகே’, 1950-க்கு ‘ஹெச்ஜே’ அல்லது ‘ஹெச்கே’ என்று முதல் எழுத்து வருஷத்தையும், இரண்டாவது எழுத்து அது சாதா ஸ்பெஷலா, டீலக்ஸா என்பதையும் சொல்லும். அந்தத் தட்டும் ஆர்.சி புக்கும் ஒத்துப்போகாவிட்டால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டீசல் போட்ட பாவம்

நம் ஊரில் தப்பிப் பிழைத்த பழைய அமெரிக்கக் கார்களில் பலவற்றின் பானெட்டைத் திறந்தால் உள்ளே அமெரிக்க இன்ஜின் இருக்காது. மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்குத் தீனி போட்டு மாளாமல், அதைக் கழற்றிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, டீசல் இன்ஜினை இறக்கிவிட்டார்கள். கல்யாண ஊர்வலம், டாக்ஸி, சினிமா ஷூட்டிங் என்று அந்த டீசல்தான் காரைக் காப்பாற்றியது. இல்லையென்றால் மொத்தக் காரும் அதே காயலான் கடைக்குப் போயிருக்கும்.

2021 விதி என்ன சொல்கிறது? முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இந்த நிபந்தனைகளை நிறைவு செய்தால், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான கார் என்றால் தாத்தா காலத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த ‘அசல்’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அசல் என்றால் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த நாளன்று இருந்தபடி என்று அர்த்தமா? டீசல் போட்டு 40 வருஷம் ஓடிய கார் அந்த 40 வருஷத்தில் நம் ஊர்க் காராகிவிட்டது. அந்த டீசலை வைத்துக்கொண்டு பதிவுக்குப் போனால் கேள்வி வரும். பதிவு வேண்டுமென்றால் அதே காலத்துப் பெட்ரோல் இன்ஜினைத் தேட வேண்டும். தேடினால் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், வரி கட்ட வேண்டும். பணம் இருப்பவர் செய்வார். அப்பா விட்டுப்போன காரை ஓலைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவர் என்ன செய்வார்? ‘எடுத்துட்டுப் போங்கப்பா’ என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். குறிப்பிட்ட தேதிக்கு முன் நடந்த இன்ஜின் மாற்றத்தை, ஆர்.சி-யில் முறையாக ஏறியிருந்தால், ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நிறைய கார்கள் பிழைக்கும்.

நாமக்கல்லில் எல்லாம் இருக்கு, ஆனா...

லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லை மிஞ்ச ஆளில்லை. மலையடிவாரத்தில் இவ்வளவு பட்டறைகள் இருக்கும்போது, கார் ரெஸ்டோரேஷனுக்கு வெளியூர் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். பாதி சரி. 30-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல கார்களில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். மரத்தை இழைத்து, பொருத்தி, போல்ட் போட்டு முறுக்கத் தெரிந்த லாரி பாடி தச்சர் அந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

ஃபாஸ்ட்பேக் அப்படி அல்ல. லாரி கேபின் தகடு பெரும்பாலும் ஒரு பக்கமாக மடங்கும். ஃப்ளீட்லைனின் முதுகோ நீளவாக்கிலும் வளைகிறது, குறுக்குவாக்கிலும் வளைகிறது. மணல் பை மேல் வைத்துத் தட்டித் தட்டி, தகட்டை இழுத்துச் சுருக்கிக் கொண்டுவர வேண்டிய வேலை. இதற்குக் கை வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாத இடத்தில் பட்டி வரும்! அரை இன்ச் பட்டியைப் பூசித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். “பட்டியைச் சுரண்டினா காரே மிச்சம் இருக்காதுங்க” என்று டிங்கரிங் பட்டறைகளில் சொல்வது வெறும் ஜோக் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் கண்ணாடிக்குக் கீழிருந்து டிக்கி மூடி வரை மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. பிறகு டிக்கிக்குள் இருக்கும் மேட்டைத் தூக்கி, தரையை டார்ச் அடித்துப் பாருங்கள். கூரையில் விழும் மழை முழுக்க அந்தச் சரிவில் ஓடி, டிக்கி ரப்பரில்தான் வந்து நிற்கும். ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே. இந்த வகைக் கார்களில் துரு முதலில் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று.

இன்ஜினுக்கு வந்தால், 1949-ன் 216 கன இன்ச் செவர்லே இன்ஜினில் இன்றைக்குக் கடையில் கிடைப்பது மாதிரி பேரிங் ஷெல் கிடையாது. கனெக்டிங் ராடிலேயே வெள்ளை மெட்டலை உருக்கி ஊற்றி, லேத்தில் கடைந்து அளவு எடுக்க வேண்டும். அந்தக் கலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. பெயின்ட் கலரைப் பிறகு முடிவு செய்யுங்கள்; மெட்டல் ஊற்ற ஆளை முதலில் பிடியுங்கள்.

மஸ்டாங் ஆசை வந்தால்

இறக்குமதி பக்கம் போகிறவர்களின் கனவு பெரும்பாலும் 1965, 66 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக். 1965-ல் 77,079, 1966-ல் 35,698 என்று தயாரானவை. கூபே இதைவிடப் பல மடங்கு அதிகம். விலையோ தலைகீழ். அதனால் கூபேயின் கூரையை அறுத்து, ஃபாஸ்ட்பேக் தகட்டை வெல்டு செய்து விற்பதே ஒரு தொழில். போதாக்குறைக்கு, ஃபோர்டின் உரிமத்தோடு புத்தம் புது பாடி ஷெல்லே விற்பனைக்குக் கிடைக்கிறது.

பிடிப்பது எப்படி? வி.ஐ.என் எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் வருஷம். இரண்டாவது எழுத்து ஃபேக்டரி. அடுத்த இரண்டு இலக்கங்கள்தான் விஷயம்: ‘09’ என்றால் ஃபாஸ்ட்பேக், ‘07’ என்றால் கூபே, ‘08’ என்றால் கன்வெர்ட்டிபிள். ஐந்தாவது எழுத்து இன்ஜின். ‘கே’ என்றிருந்தால் 271 குதிரைத்திறன் வி8, விலை எகிறும். இந்த எண் கதவுத் தட்டில் மட்டுமல்ல, இன்ஜின் பக்கத் தகட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். கதவைக் கழற்றி மாட்டலாம் என்பதால் பொறித்த எண்ணின் போட்டோவைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர் இருப்பதாலேயே 1966 என்று நம்பிவிடவும் வேண்டாம். 1965-ல் கூடுதல் விலைக்கு அதைக் கொடுத்தார்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். காரின் விலையைத் தாண்டி வரி வரும். போலி ஃபாஸ்ட்பேக்குக்கு அசலின் விலை கொடுத்து, அந்த விலைக்கு வரியும் கட்டி, கடைசியில் ‘பாடி ஷெல் மாற்றம்’ என்று விண்டேஜ் பதிவும் கிடைக்காமல் போனால்? யோசித்தாலே தலை சுற்றுகிறது, கொல்லிமலை ஏறாமலேயே.

சரி, மலைக்கு வருவோம்

கிண்டி, கோவை என்று சமவெளியில் காட்டும் பந்தா இங்கே செல்லாது. அந்த செவர்லேவுக்கு மூன்று கியர். முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வளைவின் நடுவில் செகண்டில் திணறினால், கிட்டத்தட்ட நின்றுதான் ஃபர்ஸ்ட் போட வேண்டும். எதிரே பஸ் வந்து பின்னால் எடுக்க நேர்ந்தால், சரிந்த முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக வானம்தான் நன்றாகத் தெரியும். யாராவது இறங்கி ‘வா வா வா’ என்று கை காட்ட வேண்டும். ஹெட்லைட் ஆறு வோல்ட். பனி இறங்கினால் அகல்விளக்கு. இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஆகவே காலை பிரேக்கிலேயே வைக்காமல் செகண்ட் கியரிலேயே இறக்க வேண்டும்.

இதோடு இப்போது எத்தனால் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல். அந்தக் கால ஃபியூவல் பம்ப்பின் ரப்பர் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் இவையெல்லாம் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், வெடிக்கும், கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் டியூப், டயஃப்ரம் மாற்றாமல் மலைப்பாதையில் ஏற்ற வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ‘வி.ஏ’ பதிவு வாங்கிய காரை நினைத்த நேரத்தில் எடுத்துக்கொண்டு ஆகாய கங்கை அருவிக்குக் கிளம்ப முடியாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்ற காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் ஓட்ட அனுமதி. அப்படியென்றால் சட்டப்படி இந்த 70 வளைவுகளையும் பார்க்க ஒரு வழி, ரேலி. ஆடி 17, 18-ல் அரசு கொண்டாடும் வல்வில் ஓரி விழாவோடு சேர்த்து, செம்மேடு வரை ஒரு விண்டேஜ் ரேலி நடத்தினால் என்ன? மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் பேசிப் பார்க்கலாம். அடிவாரத்துப் பட்டறைக்காரர்களுக்கும் வேலை கிடைக்கும்.

ஆடி என்றால் மழை வரலாம். அந்தக் காரின் வைப்பர் இன்ஜினின் வேக்குவத்தில் ஓடுவது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வேக்குவம் குறைந்து, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். பதறாதீர்கள். ஒரு நொடி காலை எடுங்கள், மறுபடி ஆடும்.